லெட்சுமி பிள்ளைக்கு ஒரு மங்கு பால்

பஞ்சாலை பிறந்த அன்று தொடங்கிய மழை பதினோரு நாள் விடவில்லையாம். லிங்கி ஆறு கரையேறி லயத்து வாசற்படி வரைக்கும் வந்து, பிள்ளையின் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டப் புள்ளதானா" என்று திரும்பிப் போய்விட்டதாம். இதைச் சொன்னவள் பஞ்சாலையேதான். இல்லையென்று மறுக்க அந்தக் காலத்து ஆட்கள் யாரும் மிச்சமில்லை. பாதிப் பேரைக் காய்ச்சல் தின்றது, மீதிப் பேரைச் சப்பான்காரன் போட்ட சயாம் ரயில்பாதை தின்றது.

அவள் புருஷனைத் தின்றதும் அந்த ரயில்பாதைதான். சப்பான்காரன் வருகிறான் என்றதும் ரப்பர் தோட்டத்துத் துரை தன் நாயையும் பாட்டுப் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் கிளம்பினார். கிளம்பும்போது ஆட்களைக் கூப்பிட்டு, "பயப்படாதீங்க, எங்க பெரிய நாடு உங்களைக் கைவிடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காரின் பின் சீட்டில் நாய்க்கு இடம் இருந்தது. நாலு வருஷம் கழித்து வேறொரு துரை வேறொரு நாயோடு வந்தார். அதற்குள் பஞ்சாலையின் புருஷன் சயாம் போய், திரும்பாமலே இருந்துவிட்டான். அவளுக்குப் பிள்ளையும் இல்லை. மரவள்ளிக் கிழங்கை அவித்தும் சுட்டும் அரைத்தும் கொடுத்து வளர்த்த ஒரே தங்கச்சி லெட்சுமிதான் அவளுக்குச் சொந்தம் என்று சொல்ல.

அந்த லெட்சுமியை அர்ச்சுனன் என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். நல்ல பையன். அவன் ஆயுளில் செய்த ஒரே குற்றம், தொழிற்சங்கக் கூட்டம் ஒன்றில் நாற்காலி எடுத்துப் போட்டது. சங்கத்தைத் தடை செய்து, மெர்ஜன்சி என்கிற அவசரச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆன பிறகும் அந்த நாற்காலியை யாரோ மறக்காமல் வைத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டாம் வருஷத் தைப்பூசம் கழிந்த வாரத்தில் போலீசு வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் லெட்சுமியைத் தோட்டத்துப் பேர்ப்பட்டியலிலிருந்து அடித்தார்கள். பேர் போனால் வீடு போகும், வீடு போனால் ரேசன் அட்டை போகும். கையில் ஐந்து மாதப் பிள்ளையோடு அவள் பெடாஸ் போகிற சடக்கு ஓரத்தில், ரோட்டுக்குக் கல் உடைக்கிறவர்களின் ஓலைக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தாள். பஞ்சாலையின் லயத்திலிருந்து அந்தக் கொட்டகைக்கு நடந்தால் வெற்றிலை மென்று துப்புகிற நேரம். ஆனால் நடுவில் கம்பிவேலி இருந்தது.

லிங்கிக்கும் பெடாஸுக்கும் இடையில் இருந்த அந்தத் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பேர் வேறு. தமிழாட்கள் கம்பிப்பாலத் தோட்டம் என்பார்கள். மெர்ஜன்சிக்குப் பிறகு பாலத்தைவிடக் கம்பி அதிகமாகிவிட்டது. லயங்களைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி, ஒரே ஒரு கேட். ஒரு கைப்பிடி அரிசி வெளியே போனாலும் அது காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டு வயிற்றுக்குப் போகும் என்பது சர்க்கார் எண்ணம். கேட்டில் துப்பாக்கியோடு நின்ற சன்னாசி வேலைக்குப் போகிறவர்களின் தண்ணீர்ப் போத்தலைக்கூட மோந்து பார்த்துத்தான் விடுவான். எறும்பு ஒன்று சீனியைக் கவ்விக்கொண்டு வெளியே போனதையும், சன்னாசி குனிந்து அதைக் கையைத் தூக்கச் சொன்னதையும் பஞ்சாலை தன் கண்ணால் கண்டிருக்கிறாள். அப்படித்தான் அவள் சொல்வாள்.

பஞ்சாலைக்கு அப்போது ஆயாக் கொட்டாயில் வேலை. விடியுமுன் மரம் சீவப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற தகரக் கொட்டகை அது. இருபத்தேழு பிள்ளைகள். அதில் கைப்பிள்ளைகள் இரண்டை மட்டும் பத்து மணிக்குக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிக் கித்தாக் காட்டுக்குப் போவாள். சீவுகிற மர நிரையை விட்டு வர முடியாத தாய்மார் அங்கேயே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மரத்துக்குத் திரும்புவார்கள்.

இந்த ஆயாக் கொட்டாய்க்குத்தான் அந்த வருஷம் சித்திரையில் பால் மாவு டின்கள் வந்து இறங்கின. ஒவ்வொரு டின்னும் ஒரு பிள்ளையை உள்ளே உட்கார வைக்கிற அளவு. தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி கணேசமூர்த்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு டின்னில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னார். அமெரிக்க ஜனங்களின் அன்பளிப்பு, விற்கக் கூடாது.

"ஏன் கிராணி ஐயா, முன்னப் பின்ன தெரியாத ஆளு, கப்பல் வச்சு நமக்கு எதுக்குப் பால் அனுப்பணும்?" என்று கேட்டாள் பஞ்சாலை.

"பெரிய நாடு. மனசும் பெருசு. தர்மம் பண்றான்."

"தர்மமா? கொரியாச் சண்டையில அவன் லாரி ஓடுதே, டயரு எங்கேருந்து போச்சு? நம்ம கித்தா மரத்துலேருந்து. நம்ம வீட்டுச் சாமானை எடுத்துக்கிட்டவன் நம்ம பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டுனா அதுக்குப் பேரு தர்மமில்ல. கடமை."

"அவன் சும்மாவா எடுத்தான்? வெல குடுத்துல்ல வாங்குனான்."

"யாருகிட்டக் குடுத்தான்? எங்கிட்டயா குடுத்தான்?"

பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வந்திருந்த மேஸ்திரி, மணியம் மண்டோர், சிரித்தார். மீசையை அசைக்காமல் சிரிக்கத் தெரிந்த மனிதர். "அப்ப நீயே போயி அமெரிக்காக்காரன் சட்டையப் பிடிச்சுக் கேளு லா. கிராணி, இவளுக்கு ஒரு கப்பல் டிக்கெட் எழுதுங்க."

"எனக்கு எதுக்குக் கப்பலு? ஆளு ஒரு நாள் இங்க வராமலா போயிடுவான். அப்பக் கேக்குறேன்."

கேட்க அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. டின்னோடு வந்த தாளில் நாற்பது பிள்ளைக்குக் கலக்குகிற அளவு போட்டிருந்தது. குறைத்துக் கலக்கக் கூடாது. கொட்டாயில் இருந்ததோ இருபத்தேழு. காய்ச்சல், அம்மை என்று வராத பிள்ளைகள் போக, தினம் அரை வாளி மிஞ்சும். மிஞ்சியதை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது, வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பதினொன்றரை மணிக்குச் சன்னாசி வந்து நிற்க, அவன் பார்க்கச் சாக்கடையில் ஊற்ற வேண்டும். தினமும் ஊற்றினாள். வெள்ளையாகச் சாக்கடை வேலிக்கு அடியில் புகுந்து, சடக்குப் பக்கம்தான் ஓடியது. அந்தப் பக்கம் கொட்டகையில் லெட்சுமிக்கு நெஞ்சு வற்றிப் போயிருந்தது. கல் உடைக்கிறவர்கள் வடித்த கஞ்சியைத் துணியில் நனைத்து அவள் பிள்ளை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை, பூனைக்குட்டி மாதிரி முனகுகிறது என்று தண்ணி லாரி ஓட்டுகிறவன் வந்து சொன்னான்.

"அக்கா, எனக்கு மட்டும் ஆசையா? இத ஊத்தச் சொல்ல எனக்கே பிடிக்கல" என்பான் சன்னாசி. "ஆனா நான் கண்ண மூடுனா என் பேரை அடிச்சுருவாங்க."

ஆனி மாதத்தில் பஞ்சாலை சொன்னபடியே ஆள் வந்தது. ஆண் இல்லை, ஒரு வெள்ளைக்கார மேம். தொப்பி, கழுத்தில் கேமரா, முழங்கால் வரைக்கும் சிவப்புச் சேறு. நிவாரணச் சங்கத்தில் இருக்கிறவள், அமெரிக்காவிலிருந்தே நேராக வருகிறவள் என்றார்கள். பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து மங்குக் கிண்ணத்தில் குடிக்கிறதைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசுக்காரிதான், அதில் சந்தேகமில்லை. ஒழுகிய மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். துரை சற்றுத் தள்ளிச் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிராணியிடம் திரும்பினாள். "ஐயா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. தினம் அரை வாளிப் பாலைக் கீழ ஊத்துறேன். வேலிக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி பிள்ள ஒண்ணு பால் இல்லாமச் சாகக் கிடக்கு. அதுக்கு ஒரு மங்கு குடுக்கலாமான்னு கேளுங்க. இந்த அம்மா சரின்னு சொன்னாப் போதும்."

கிராணி கணேசமூர்த்தியின் முகம் சுண்ணாம்பு பட்ட வெற்றிலை மாதிரி ஆனது. அர்ச்சுனன் நாற்காலி எடுத்துப் போட்ட அதே கூட்டத்துக்கு அழகான கையெழுத்தில் நோட்டீசு எழுதினவர் அவர். நாற்காலி போட்டவனே உள்ளே இருக்கிறான். அவன் பிள்ளைக்காகத் துரை காதில் விழுகிற மாதிரி வாயைத் திறந்தால், யார் இந்தக் கிராணி, இவருக்கு என்ன அக்கறை என்று ஒருத்தன் கிளம்புவான். கிளம்பினால் நோட்டீசு வெளியே வரும். அவருக்கும் ஐந்து பிள்ளைகள். அவர் இங்கிலீசில் ஏதோ நீளமாகச் சொன்னார். மேம் முகம் மலர்ந்து பஞ்சாலையின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

"என்ன சொல்லுச்சு? சரின்னுச்சா?"

"பாக்கலாம்னுச்சு" என்றார் கிராணி, செருப்பைப் பார்த்துக்கொண்டே.

மூன்று நாள் காத்திருந்தாள். நாலாவது நாள் சமையல்கட்டுப் பக்கம் துரை வீட்டு எடுபிடிப் பையன் சொன்னதைக் கேட்டாள். "ஒங்க ஆயாவுக்கு என்னா மரியாத! அமெரிக்காவுக்கு நன்றி, நாங்க மறக்க மாட்டோம்னு சொன்னுச்சாமே. மேம் சாப்பாட்டு மேசையில அதையேதான் பேசுச்சு."

பஞ்சாலை கிராணியிடம் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. சண்டை போட நேரமில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் ஒரு பழைய சேலையைக் கிழித்து, தலைச்சுமைக்கு வைக்கிற சும்மாடு ஒன்று தைத்தாள். வளையம் மாதிரி, உள்ளே கூடாக.

கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் இருந்தாள். மடி, இடுப்பு, கொண்டை என்று ஒன்றும் விடமாட்டாள். ஆனால் கூடையில் இரண்டு கைப்பிள்ளைகள், கூடைக்கு அடியில் சும்மாடு, அதற்குக் கீழே பஞ்சாலையின் தலை. கூடையை இறக்கிச் சும்மாட்டைப் பிரிக்கச் சொல்ல யாருக்குத் தோன்றும்? கலக்காமல் எடுத்துவைத்த ஒரு பிடி அமெரிக்காப் பால் மாவு அவள் உச்சந்தலையில் உட்கார்ந்து கேட்டைத் தாண்டியது. சன்னாசி அவள் நடையைப் பார்த்து, "என்னக்கா, இன்னிக்கு மகாராணி மாதிரி போற?" என்று கேட்டான். "தலையில கிரீடமுல்ல இருக்கு" என்றாள் அவள். கேட்டவன் சிரித்தான். சொன்னவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பத்தாம் நம்பர் நிரை சடக்கை ஒட்டியிருந்தது. தண்ணி லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பியபடி, லெட்சுமி கல் உடைக்கிற இடத்திலிருந்து விறகு பொறுக்கிற மாதிரி அங்கே வருவாள். மாவை அவள் கையில் கொடுத்துவிட முடியாது. சடக்கில் சோதனை உண்டு, மடியில் மாவு இருந்தால் அது காட்டுக்காரனுக்குப் போகிற மாவு, நேரே ஜெயில்தான். பிள்ளை வயிற்றுக்குள் போன பாலை மட்டும் எந்தப் போலீசும் தடவிப் பார்க்க முடியாது. அதனால் அங்கேயே, கித்தாப்பால் வாளி ஒன்றை மூன்று தரம் கழுவி, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் கலக்கி, மரத்தில் கித்தாப்பால் பிடிக்க மாட்டுகிற புது மங்கு ஒன்றில் ஊற்றிப் புகட்டினாள். வாளிகளுக்கு நடுவில் இன்னொரு வாளி. யாருக்குத் தெரியும்?

பதினோரு நாள் நடந்தது. ஏழாவது நாள் பிள்ளை அழுதது, நன்றாக வாய்விட்டு. லெட்சுமி அதைக் கேட்டுச் சிரித்தாள். "அக்கா, இவன் சத்தத்தப் பாத்தியா, சடக்குல லாரி ஒதுங்கும் போல." ஒன்பதாம் நாள் அது பஞ்சாலையின் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

பன்னிரண்டாம் நாள் மணியம் மண்டோர் முன்னால் வர, பின்னால் ரோந்து வந்தது. ஆறு சிப்பாய்கள், ஒரு வெள்ளைக்கார சார்ஜன். இளம் ஆள், தோல் உரிந்த மூக்கு. வெளியாள் ஒருத்தி கையில் பிள்ளையோடு நிற்கிறதையும், பஞ்சாலை வாளியில் மங்கை முக்குகிறதையும் பார்த்து நின்றான். துப்பாக்கி முனையால் வாளியைக் காட்டி என்னமோ கேட்டான்.

"என்னது இதுன்னு கேக்குறாரு" என்றார் மண்டோர். வாளியைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாகக் கித்தாப்பாலில் குளித்தவர், மாட்டுப்பால் வாடை தெரியாதா?

"கித்தாப்பால்னு சொல்லுங்க" என்றாள் பஞ்சாலை.

சொன்னார். சார்ஜன் நம்பவில்லை. குனிந்து விரலை நனைக்கப் போனான். வாயில் வைத்தால் முடிந்தது. இரண்டு பெண்களும் அன்று மாலையே சிரம்பான் ஜெயிலில் இருப்பார்கள். மண்டோர் சட்டென்று குறுக்கே வந்தார். "சார், சார்!" என்று தோள் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். ஸ்டோருக்குக் கொண்டுபோகிற ஆசிட். கித்தாப்பாலைக் கட்டியாக்க ஊற்றுகிற ஆசிட். அதை வாளிக்குள் கவிழ்த்தார்.

எந்தப் பாலானாலும் ஆசிட் பட்டால் திரிந்துதான் போகும். வாளிக்குள் வெள்ளைக் கட்டி திரண்டது. துரை வீட்டில் என்றைக்கோ ஆசிட் ஊற்றிக் கித்தா எப்படிக் கட்டுகிறது என்று அந்தச் சார்ஜனுக்குக் காட்டியிருந்தார்களாம். "ஆ, ரப்பர்!" என்று தலையை ஆட்டினான். கற்றுக்கொண்டது சரியாக இருந்ததில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

பிள்ளைக்கு அது தெரியுமா? அது மங்கைப் பார்த்துக் கையை நீட்டியது. நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு அலறியது. சார்ஜனுக்கு மனசு கேட்கவில்லை. சட்டைப் பையைத் துழாவி, காகிதம் சுற்றிய பெப்பர்மிண்டு ஒன்றை எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து மூடினான். அந்தப் பிள்ளைக்கு இருந்தது இரண்டே பல்.

ரோந்து போன பிறகு மண்டோர் வாளியைச் சரித்து வடிய விட்டார். "ஒன்னத்தான் காப்பாத்த முடிஞ்சுச்சு புள்ள. அதுவும் இப்படித்தான் முடிஞ்சுச்சு. இனி இந்தப் பக்கம் வராத" என்றார். மீசை நடுங்கியது.

வர நினைத்தாலும் முடிந்திருக்காது. வெளியாட்கள் மரத்துப் பக்கம் நிற்கக் கூடாது என்று அடுத்த நாளே ஆர்டர் வந்தது. ஆயா கைப்பிள்ளைகளோடு காட்டுக்குப் போகிறதும் நின்றது. கேட்டுக்கு இந்தப் பக்கமே இருந்து, பஞ்சாலை மறுபடியும் மிஞ்சியது முழுவதையும் சாக்கடையில் ஊற்றத் தொடங்கினாள்.

பத்தொன்பது நாள் கழித்துத் தண்ணி லாரிக்காரன் கேட்டில் வண்டியை நிறுத்தினான். இறங்காமல் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் பஞ்சாலை டின் மூடியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வயிற்றுப்போக்கு, இரண்டே நாள். வெளியே போக அரை நாள் பாஸ் வாங்கிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, கல் குவியலுக்குப் பின்னால் புதைத்து மேலே பெரிய கல்லாக ஒன்று வைத்திருந்தார்கள். கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை. லெட்சுமி அழவில்லை. கொட்டகை ஓலையில் செருகியிருந்த பெப்பர்மிண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள்.

"பல்லு நெறைய வந்ததும் குடுக்கலாம்னு வச்சிருந்தேன் அக்கா. எறும்பு தின்னுடுச்சு."

ஒரு வாரம் ஆயாக் கொட்டாயில் யாரும் பஞ்சாலை வாயிலிருந்து ஒரு கதை கேட்கவில்லை. ஆறு வாசற்படிக்கு வந்ததையும் சொல்லவில்லை, எறும்பு கையைத் தூக்கியதையும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் கிராணி கணேசமூர்த்தி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

"பஞ்சாலை, நான் அன்னிக்கு..."

"எல்லாந் தெரியும் ஐயா."

"எனக்கு அஞ்சு பிள்ளைங்க."

"ஒங்க பிள்ளைங்க நல்லாருக்கட்டும்." டின்னைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "எனக்கு ஒண்ணு செய்யுங்க. நான் அன்னிக்குக் கேக்கச் சொன்னதை இங்கிலீசுல எனக்குச் சொல்லிக் குடுங்க. அடுத்த தடவ நானே கேட்டுக்குறேன்."

"இப்ப எதுக்கு அது? பிள்ளைதான்..."

"சொல்லிக் குடுங்க."

அவ்வளவும் அவள் நாக்கில் நிற்காது என்று கிராணி சுருக்கிக் கொடுத்தார். ஒன் பேபி. அவுட்சைட். நோ மில்க். தினமும் மாவு கலக்குகிறபோது சொல்லிப் பார்ப்பாள். இருபத்தேழு பிள்ளைகளும் கூடவே சொல்லின. ஒரு மாதத்தில் ஆயாக் கொட்டாய் முழுக்க இங்கிலீசு பேசியது, அந்த ஐந்து வார்த்தை.

மேம் மறுபடி வந்தது கார்த்திகையில், மழைக்கு நடுவே. கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் கொண்டுவந்திருந்தாள். அவளும் பஞ்சாலையும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். கீழே எழுதியிருந்ததைக் கிராணி தமிழில் சொன்னார். நன்றி மறவாத மக்கள்.

பஞ்சாலை படத்தை வாங்கிப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். மேமின் கையைத் தானே பிடித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் காட்டினாள்.

"ஒன் பேபி. அவுட்சைட். நோ மில்க்."

மேம் புரியாமல் கிராணியைப் பார்த்தாள். அவர் இந்த முறை ஓர் எழுத்தும் மாற்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னார், சாக்கடையையும் சேர்த்து. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை செத்து நாலு மாதம் ஆகிறது என்பதை. பஞ்சாலை அவரைப் பார்த்த பார்வையில் அது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

மேம் கோபத்தில் சிவந்துபோனாள். இதை ஏன் முதல் தடவையே யாரும் சொல்லவில்லை என்று கேட்டாள். சேற்றில் விறுவிறுவென்று நடந்து துரை பங்களாவுக்குப் போனாள். துரை போலீசுக்குப் போன் போட்டார். பிள்ளைகள் குடித்த மங்குகளைக் கழுவிக் கவிழ்த்து முடிக்கவில்லை, முத்திரை குத்திய தாள் வந்துவிட்டது. வேலிக்கு வெளியே இருக்கும் கைப்பிள்ளை, லெட்சுமி பிள்ளைக்கு, நாள் ஒன்றுக்கு ஒரு மங்கு பால், காவலர் முன்னிலையில், கேட்டருகே நின்று குடிக்க. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

பஞ்சாலை கொட்டாய்க்குப் பின்னால் போய், மழையில் நின்று, வயிற்றில் அறைந்துகொண்டு அழுதாள். தரமாட்டோம் என்று அந்தப் பெரிய நாடு சொல்லியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. சப்பான்காரனுக்குப் பயந்து ஓடின நாட்டைத் திட்டியிருக்கிறாள், சப்பான்காரனையும் திட்டியிருக்கிறாள். இதை எப்படித் திட்டுவது? கேட்டதும் கொடுத்துவிட்டது. அது வந்து நின்ற இடத்திலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு மங்கில் பாலோடு கேட்டுக்குப் போனாள். சன்னாசிக்கு எல்லாம் தெரியும். அவனும் அந்த மண்ணில்தான் நிற்கிறான். தாளைப் பிரித்து, மழையைப் பார்த்து, சம்பிரதாயத்துக்குக் கூவினான்.

"யாரு லெட்சுமி பிள்ள?"

வெளியே கல் உடைக்கிறவர்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். வாலறுந்த பட்டம் மாதிரி இருந்த ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கியது. "நாந்தான்."

சன்னாசி பார்த்தான். தாளில் கைப்பிள்ளை என்று இருந்தது. இதற்கு வயது ஆறு. "ஒரே வருசத்துல நல்லா வளந்துட்ட" என்று சொல்லி வழிவிட்டான்.

அன்றிலிருந்து தினமும் ஒரு லெட்சுமி பிள்ளை வந்தது. ஒரு நாள் சீனப் பிள்ளை, ஒரு நாள் பக்கத்து ஊர்க் கம்பத்து மலாய்ப் பிள்ளை. ஒருநாள் நாலு லெட்சுமி பிள்ளைகள் ஒரே சமயத்தில் கை தூக்கி, கேட்டருகே சண்டை வந்துவிட்டது. பஞ்சாலை முன்னால் நின்ற பிள்ளையிடம் மங்கை நீட்டுவாள். ஒரு மங்குதான் கணக்கு. மிச்சம் வழக்கம்போலச் சாக்கடைக்கு.

அடுத்த பங்குனியில், லிங்கிப் பக்கம் வேலை மாறிப் போகிற கல்லுக்காரர்களின் லாரி கேட்டெதிரே டயர் மாற்ற நின்றது. லெட்சுமி மேலே, மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்க்கத்தான் இறங்கி வந்தாள். அவள் வேலியருகே வந்தபோது சன்னாசி அவளைக் கவனிக்கவில்லை, வழக்கம்போலக் கூவிவிட்டான்.

"யாரு லெட்சுமி பிள்ள?"

பஞ்சாலை நீட்டிய மங்கைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சன்னாசி திரும்பி, பார்த்து, துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டு தலையைக் குனிந்தான். கை தூக்கியிருந்த பையன், பெரியவர்கள் முகத்தைப் பார்த்துக் கையை மெல்ல இறக்கினான்.

லெட்சுமி கம்பிக்கு இடையில் கையை விட்டு அக்காவிடமிருந்து மங்கை வாங்கினாள். அந்தப் பையன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் வாயில் அதை வைத்தாள். அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மழைத் தண்ணீரில் மங்கைக் கழுவி, கம்பிக்குள் நீட்டிக் கொடுத்துவிட்டு, அவள் லாரியில் ஏறிக்கொண்டாள்.